ஃபர் எலிஸ்: முதல் வரியோடு நின்றுபோகாமல் கீபோர்டில் முழுதாக வாசிப்பது எப்படி

வீட்டில் கீபோர்டு இருந்தால் பீத்தோவனின் ஃபர் எலிஸ் ஆரம்பம் எப்படியாவது விரலுக்கு வந்துவிடும். அண்ணன் சொல்லிக்கொடுத்திருப்பான், இல்லையென்றால் யூடியூப். வகுப்பில் புதிதாகச் சேருபவரிடம் "என்ன வாசிப்பீர்கள்?" என்று கேட்டால் பாதிப் பேர் அதைத்தான் வாசித்துக் காட்டுகிறார்கள். இருபது விநாடி ஓடும். பிறகு கை நின்றுவிடும், "இதுக்கு மேல தெரியாது சார்" என்பார்கள்.

இதன் பிரபலம்தான் கற்பதற்குத் தடை. காது மெட்டை முன்பே அறிந்திருப்பதால், விரல் தப்பாகப் போனாலும் மனது திருத்திக் கேட்டுக்கொள்கிறது. அதனால் இந்த வழிகாட்டி முதல் வரியில் தொடங்காது. நடுவிலிருந்து தொடங்கி, பிறகுதான் முதல் வரிக்கு வரும்.

ஓரளவு நோட்ஸ் படிக்கத் தெரிந்து, இரண்டு கையாலும் எளிய பாடல்களை ஒரு வருடமாவது வாசித்தவர்களுக்காக எழுதுகிறேன். தினம் அரை மணி நேரம் கொடுத்தால் இரண்டு மூன்று மாதத்தில் முழுதாக வாசிக்கலாம்.

1. உட்காருவதற்கு முன்: கருவியும் தாளும்

கீபோர்டை ஆன் செய்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். டோன் பியானோவில் இருக்க வேண்டும். டச் ரெஸ்பான்ஸ் இருந்தால் ஆன் செய்யுங்கள், மெதுவாகத் தொட்டால் மெதுவாக ஒலிப்பதற்கு அதுதான் வழி. ஆட்டோ அக்கம்பனிமென்ட் (கீபோர்டு தானாகப் பின்னணி வாசிப்பது) கட்டாயம் ஆஃப்.

மூன்றாவதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். அது ஆனில் இருந்தால் இடது பக்கச் சாவிகள் கார்டு (பல சுரங்களை ஒன்றாக அழுத்துவது) பிடிப்பதற்கென்று ஒதுங்கிவிடும். தனித்தனியாக வாசிக்கும் சுரங்கள் சரியாகக் கேட்காது. ஒரு மாணவர் ஒரு வாரம் "லெஃப்ட் ஹேண்ட் வேலை செய்யல, கீபோர்டு போச்சு" என்று புலம்பிவிட்டு, சர்வீசுக்குக் கொடுக்கப் புறப்பட்டுவிட்டார். ஒரு பட்டனை அழுத்தியதும் சரியாகிவிட்டது.

சஸ்டெய்ன் பெடல் (ஒலியை நீட்டும் கால்மிதி) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பின்னைச் செருகிவிட்டு அப்புறம் கீபோர்டை ஆன் செய்யுங்கள். பல கீபோர்டுகள் ஆன் ஆகும் நேரத்தில்தான் பெடலின் நிலையைக் கவனிக்கும். ஆன் செய்த பிறகு செருகினால் சிலவற்றில் தலைகீழாகிவிடும்: அழுத்தினால் ஒலி நிற்கும், விட்டால் நீளும்.

61 சாவி கீபோர்டு என்றால் ஒரு சிக்கல் உண்டு. ஓரிடத்தில் வலது கை கீபோர்டின் கடைசிச் சாவியையும் தாண்டி மேலே போகும். அதற்கான மாற்று 7-ஆம் படியில் இருக்கிறது. 76, 88 சாவி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

தாள் விஷயத்தில் கறாராக இருங்கள். "ஈஸி வெர்ஷன்" என்று கிடைப்பவற்றில் பெரும்பாலும் முதல் பகுதி மட்டும்தான் இருக்கும். மூல வடிவத்துக்குக் காப்புரிமை கிடையாது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். நூறு கட்டத்துக்குச் சற்று மேலே இருந்தால் அது முழு வடிவம். கட்டம் என்று நான் சொல்வது, தாளில் இரண்டு நெடுக்குக் கோடுகளுக்கு நடுவே உள்ள பாரை. அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், நிறையக் கிறுக்கப் போகிறோம்.

வண்ணக் கட்டைகள் மேலிருந்து விழும் வீடியோக்களைப் பார்த்துக் கற்க வேண்டாம். எந்தச் சாவி என்று அவை சொல்லும். எந்த விரல், எங்கே மௌனம் என்று சொல்லாது. இந்தப் பாட்டில் தடுமாற்றமெல்லாம் அந்த இரண்டில்தான்.

2. கலர் பென்சிலால் வரைபடம்

கீபோர்டைத் தொடாமல் தாளை மேசையில் விரியுங்கள்.

முதல் பகுதி, அதாவது எல்லோருக்கும் தெரிந்த மெட்டு, மூன்று முறை வருகிறது. முதலில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை. அவை எல்லாவற்றுக்கும் மஞ்சள். முதல் இரண்டு வருகைக்கு இடையே எஃப் மேஜரில் ஒரு பகுதி இருக்கும், அதற்குப் பச்சை. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே இடது கை ஏ-யை விடாமல் தட்டும் பகுதிக்குச் சிவப்பு. என் மாணவர்கள் இதை "டும் டும் பகுதி" என்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

நிறம் தீட்டி முடித்ததும் தாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மஞ்சளாக இருக்கும். முதல் பகுதி வந்தால் பாட்டில் பெரும்பங்கு வந்த மாதிரி. ஆனால் வாசிப்பவர் உடைவது பச்சையிலும் சிவப்பிலும். பயிற்சி நேரத்தின் முதல் பாதி, விரலும் தலையும் புதிதாக இருக்கும் நேரம், அவற்றுக்குப் போக வேண்டும். மஞ்சளுக்கு மிச்சம் போதும்.

3. சாவியைத் தொடாமல் தாளம்

தாள் தொடக்கத்தில் 3/8 என்று இருக்கும். ஒரு கட்டத்துக்கு மூன்று தட்டு. இந்த மூன்று தட்டின் வேகம் பாட்டு முழுக்க மாறாது, ஒரு தட்டுக்குள் விழும் சுரங்களின் எண்ணிக்கைதான் மாறும்.

மஞ்சளில் தட்டுக்கு இரண்டு. சிவப்பின் கடைசியில் தட்டுக்கு மூன்று. பச்சையின் ஓட்டத்தில் தட்டுக்கு நான்கு. நம் ஊர்க் காதுக்கு இது ஒன்றும் புதிதல்ல: தக, தகிட, தகதிமி. மெட்ரோநோமை (சீராகத் தட்டு ஒலிக்கும் கருவி) நிமிடத்துக்கு 50-இல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தட்டுக்கும் கை தட்டியபடி வாயால் சொல்லுங்கள்:

தக தக தக
தகிட தகிட தகிட
தகதிமி தகதிமி தகதிமி

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது கைத்தட்டு ஓடவும் கூடாது, இழுக்கவும் கூடாது. இது வராமல் சாவியைத் தொட்டால் பச்சை வரும்போது வேகம் பாதியாகும், திரும்ப மஞ்சளில் இரண்டு மடங்காகும். கேட்பவருக்கு மூன்று வேறு பாட்டுகளை ஒட்டி வைத்ததுபோல இருக்கும்.

இன்னொரு பொறி. முதல் பகுதியில் ஒரு கட்டத்தில் ஆறு சுரம் வரும்: இடது கை மூன்று, தொடர்ந்து வலது கை மூன்று. கை மாறுவதைப் பார்த்து நம் மனது "தகிட தகிட" என்று பிரித்துவிடும். அப்படிப் பிரித்தால் கட்டத்தில் இரண்டே தட்டுதான் விழும். சரியான கணக்கு "தக தக தக". அதாவது நடுத் தட்டின் முதல் பாதி இடது கையிலும், மறு பாதி வலது கையிலும் இருக்கும். இதை வாயால் சொல்லிக்கொண்டே மேசைமேல் இரண்டு கையாலும் தட்டிப் பாருங்கள். கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். இரண்டு நாளில் பழகிவிடும்.

பாட்டு தட்டில் தொடங்குவதில்லை என்பதையும் இங்கேயே கவனியுங்கள். முதல் இரண்டு சுரமும் கட்டத்துக்கு முன்னாலேயே வந்துவிடுகின்றன, அதீத எடுப்பு மாதிரி. அழுத்தம் முதல் ஈ-யில் இல்லை, மூன்றாவது சுரமாக வரும் ஈ-யில்.

4. பச்சைப் பகுதி முதலில்

காது இதை அவ்வளவாக அறியாது, ஆகவே தாளைப் படித்துத்தான் ஆக வேண்டும். அதனாலேயே இங்கே தொடங்குவது நல்லது.

இடது கை: முதல் கட்டத்தில் எஃப், ஏ, சி, ஏ, சி, ஏ. அடுத்ததில் எஃப், பி ஃப்ளாட், டி, பி ஃப்ளாட், டி, பி ஃப்ளாட். சுரம் சுரமாக உடைத்துப் பழகாதீர்கள். முதலில் மூன்று சாவியையும் ஒன்றாக அழுத்தி, கார்டாகப் பிடியுங்கள். கை அந்த வடிவத்துக்குப் போய் உட்கார்ந்த பிறகு உடைத்து வாசிக்கலாம். விரல் எண்ணில் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. முதல் வடிவத்துக்கு 5-3-1, இரண்டாவதற்கு 5-2-1. சுண்டுவிரல் எஃப்-பிலேயே நிற்கும், மற்ற இரண்டும்தான் நகரும்.

வலது கை: தொடக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் அலங்காரச் சுரங்களை இரண்டு வாரத்துக்கு மறந்துவிடுங்கள். மெட்டு உறுதியாவதற்கு முன் அவற்றைச் சேர்த்தால் தட்டு எங்கே விழுகிறது என்றே தெரியாமல் போகும்.

பிறகு வருகிறது அந்த ஓட்டம், ஒரு கட்டத்துக்குப் பன்னிரண்டு சுரம். பார்க்கப் பயமாக இருக்கும், அமைப்பு எளிது. மேலே ஒரு ஜி நின்ற இடத்திலேயே நிற்கும். கீழே ஜி, ஏ, பி, சி, டி, ஈ என்று ஒவ்வொன்றாக ஏறிவரும். ஒரு கீழ்ச் சுரம், ஒரு மேல் ஜி, ஒரு கீழ்ச் சுரம், ஒரு மேல் ஜி. ஏறி முடிந்ததும் உச்சியிலிருந்து இறக்கம். இது அப்படியே இரண்டு முறை.

மூன்று நாள் இப்படிச் செய்யுங்கள். முதல் நாள் கீழ்ச் சுரங்களை மட்டும் வாசியுங்கள். இரண்டாம் நாள் மேல் ஜி-யைச் சேருங்கள், ஆனால் காதுக்கு எட்டினால் போதும் என்ற அளவில். சுண்டுவிரல் அதை ஓங்கி அடித்தால் ஏறிவரும் வரிசை மூழ்கிவிடும். மூன்றாம் நாள் இறக்கம். ஒவ்வொன்றும் மெட்ரோநோம் 40-இல்.

ஓட்டம் முடிந்தும் விரல் அடங்காது. ஈ, எஃப், ஈ, டி ஷார்ப், ஈ, பி என்று அதே வேகத்தில் சுற்றி, பிறகு "தகதிமி"யிலிருந்து "தக"வுக்கு இறங்கி, பழைய மெட்டுக்குள் நுழையும். தாளில் சுரங்களை இணைக்கும் குறுக்குக் கோடுகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறையும் இடத்தில் பென்சிலால் "தக" என்று எழுதிவையுங்கள். அதைக் கவனிக்காதவர்கள் திரும்ப வரும் மஞ்சளை இரண்டு மடங்கு வேகத்தில் ஆரம்பித்துவிட்டு, மூன்றாவது கட்டத்தில் விழிப்பார்கள்.

5. இப்போது மஞ்சள்

கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி. ஏ-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் முதல் ஒன்பது சுரம்: ப ம ப ம ப ரி ம க ஸ. முதல் இரண்டு ம-வும் பிரதி மத்யமம் (டி ஷார்ப்), மூன்றாவது ம மட்டும் சுத்த மத்யமம் (வெறும் டி). மூன்றாவதையும் கருப்புச் சாவியிலேயே வாசிப்பதுதான் நான் அதிகம் கேட்கும் பிழை. ஒருமுறை வாயால் பாடிவிட்டால் அதற்கப்புறம் வராது.

விரல்: 5-4-5-4-5-2-4-3-1. பலர் முதல் ஐந்து சுரத்தை 2-1-2-1-2 என்று வாசிக்கிறார்கள். அந்த ஐந்தும் வசதியாகவே இருக்கும். ஆறாவதாக வரும் பி-க்கு விரல் மிச்சமில்லாமல் முழுக் கையும் குதிக்க வேண்டிவரும், அந்தக் குதிப்பு கேட்கும். சுண்டுவிரலில் தொடங்கினால் கை ஒரே இடத்தில் நிற்க, ஒன்பது சுரமும் கைக்கடியிலேயே கிடைக்கும்.

இடது கைக்கு இரண்டு வடிவம் போதும்: ஏ-ஈ-ஏ, ஈ-ஈ-ஜி ஷார்ப். இரண்டுக்கும் 5-2-1. இரண்டாவது அகலமானது. ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) தாண்டி இன்னும் கொஞ்சம் போகிறது. விரலை விரித்து எட்டிப் பிடிக்கப் பார்க்காதீர்கள். கீழ் ஈ-யைத் தொட்டதும் சுண்டுவிரலை விட்டுவிட்டு மணிக்கட்டை வலப்பக்கம் நகர்த்துங்கள். விட்ட ஒலியைப் பெடல் பிடித்துக்கொள்ளும். சின்னக் கை என்றால் 5-1-2 போடலாம், கட்டைவிரலுக்கு மேலாக ஆள்காட்டி விரல் தாண்டிப்போகும்.

இரண்டு கையையும் சேர்ப்பது நினைப்பதைவிட எளிது. இந்தப் பகுதியில் இரண்டு கையும் ஒரே நேரத்தில் விழுவது குறைவு. கட்டத்தின் முதல் தட்டில் ஒன்றாக விழும், பிறகு இடது முடித்த இடத்தில் வலது எடுத்துக்கொள்ளும். கட்டட வேலையில் செங்கல்லைக் கை மாற்றி மேலே அனுப்புவார்களே, அது மாதிரி. வாங்குகிற கை முன்கூட்டியே இடத்துக்குப் போயிருக்க வேண்டும். இடது கை வாசிக்கும்போதே வலது கை சி-ஈ-ஏ மேல் போய் நின்றுகொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் அந்த இடத்தில் ஒரு சின்ன விக்கல் கேட்கும். தொடக்கக்காரர்களின் ஃபர் எலிஸை அடுத்த அறையிலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளலாம், அந்த விக்கலால்.

முதல் வாக்கியம் முடிகிற இடத்தில் சி, பி, ஏ என்று இறங்குவதற்குச் சற்று முன், தாழ்வான ஒரு சுரம் சில தாள்களில் ஈ என்றும் சிலவற்றில் டி என்றும் இருக்கும். அச்சுப் பிழை இல்லை. பழைய அச்சுப் பதிப்பும் பீத்தோவனின் கையெழுத்துக் குறிப்பும் அந்த இடத்தில் ஒத்துப்போவதில்லை. எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லா இடத்திலும் அதையே வாசியுங்கள்.

6. ஈ-க்களின் பாலம்

மஞ்சளுக்குள்ளேயே ஒரு குழி இருக்கிறது. மெட்டின் நடுப்பகுதி (பி, சி, டி, ஈ என்று ஏறி, படிப்படியாக இறங்குவது) முடிந்ததும், ஈ மட்டும் கீழிருந்து மேலே ஆக்டேவ் ஆக்டேவாகத் தாவும். பிறகு டி ஷார்ப், ஈ என்று சுற்றிச் சுற்றி வந்து பழைய மெட்டைப் பிடிக்கும். பாட்டின் தொடக்கத்தில் வந்ததைவிட இங்கே டி ஷார்ப்-ஈ ஜோடி அதிக முறை வருகிறது.

எத்தனை முறை என்று காதால் பிடிக்க முடியாது, எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கும். அதனால் எல்லோரும் குத்துமதிப்பாகச் சுற்றிவிட்டு, போதும் என்று தோன்றும்போது மெட்டுக்குள் போய்விடுகிறார்கள். தாளம் அறுந்துவிடும்.

தாளில் இந்த இடத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் மேலே 1, 2, 3 என்று எழுதுங்கள். மௌனக் குறிகளுக்கும் சேர்த்து எழுத வேண்டும். பிறகு சாவியைத் தொடாமல் எண்ணிக்கொண்டே விரலால் தாளைத் தொட்டு நகருங்கள். இதற்கு ஒரு முழு நாளைக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. மஞ்சள் வரும் ஒவ்வொரு முறையும் இந்தக் குழி வழியில் இருக்கும்.

7. டும் டும் பகுதி

இடது கை ஏ-யை ஒரு கட்டத்துக்கு ஆறு முறை தட்டிக்கொண்டே இருக்கும். வலது கை மேலே கனமான கார்டுகளைப் பிடிக்கும்.

பிரச்சினை சுரத்தில் இல்லை, முன்கையில். ஒரே விரலால் தட்டிக்கொண்டே இருந்தால் எட்டாவது கட்டத்துக்குள் கை இறுகி, தட்டல் தாறுமாறாகும். 3-2-1, 3-2-1 என்று விரலை மாற்றிப் பாருங்கள். மாற்றுவது தாளத்தைக் குழப்பினால் ஒரே விரலில் வைத்துக்கொள்ளலாம். அப்போது விரல் சாவியைவிட்டு எழும்பக் கூடாது, சாவி பாதி மேலே வந்ததும் திரும்ப அழுத்த வேண்டும். வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வலியோடு பழகிய கை அந்த இறுக்கத்தையும் சேர்த்துப் பழகிவிடும்.

பலரும் இங்கே இடது கையை ஓங்கி அடிக்கிறார்கள். மிருதங்கம் மாதிரி கீழே ஓடிக்கொண்டிருந்தால் போதும், அழுத்தம் கூடுவதும் குறைவதும் வலது கையின் வேலை.

இதன் முடிவில் வலது கை ஏ மைனரில் கீழிருந்து மேலே பாயும். ஏ சி ஈ, ஏ சி ஈ, டி சி பி: ஒரு கட்டத்துக்கு ஒன்பது. "தகிட தகிட தகிட." இதே உருவம் ஒவ்வொரு ஆக்டேவாக உயர்ந்து மூன்று முறை. ஒரே விரலமைப்பை மூன்று இடத்தில் வைக்கிறோம், அவ்வளவுதான். ஒரு ஆக்டேவில் வந்துவிட்டால் மீதி கையை நகர்த்தும் வேலை.

61 சாவிக்காரர்கள் மூன்றாவது முறையில் மாட்டுவார்கள். உங்கள் கீபோர்டின் கடைசிச் சாவி சி, தாள் கேட்பது அதற்கும் மேலே டி, ஈ. நான் சொல்லிக்கொடுக்கும் மாற்று: ஏ சி ஈ, ஏ சி பி, ஏ சி பி. எண்ணிக்கை ஒன்பதாகவே இருக்கும், முடிவதும் பி-யில்தான். அடுத்து வரும் இறக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். கீழ்ப்பக்கம் எங்காவது சாவி தீர்ந்துபோனால் அந்தச் சுரத்தை ஒரு ஆக்டேவ் மேலே வாசியுங்கள்.

அந்த இறக்கம் பி ஃப்ளாட்டில் தொடங்கி, வெள்ளை கருப்பு எதையும் விடாமல் வரிசையாகப் பதினெட்டுச் சாவி. கருப்புக்கு எப்போதும் 3. வெள்ளைக்கு 1. இரண்டு வெள்ளை அடுத்தடுத்து வரும் இடங்களில் மட்டும் சி-க்கும் எஃப்-க்கும் 2. இந்த மூன்று விதியை மனப்பாடம் செய்துகொண்டால் தாளில் விரல் எண்ணே வேண்டாம். பதினெட்டாவது எஃப். அடுத்த சாவியான ஈ-யில் பழைய மெட்டு காத்திருக்கிறது. அங்கே போய் நிற்காமல், ஈ-யைத் தொடும்போதே மூன்று மூன்றாக இருந்ததை இரண்டிரண்டாக மாற்றிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும். 3-ஆம் படியில் தகிடவிலிருந்து தகவுக்குத் தாவிப் பழகியது இதற்காகத்தான்.

8. பெடல்: கடைசியில்தான்

இரண்டு கையும் தடுக்காமல் போன பிறகே பெடல். முன்பே சேர்த்தால் விரலின் விட்டுப்போன இடங்களையெல்லாம் அது மூடி மறைத்துவிடும், பிழை இருப்பதே தெரியாது.

மஞ்சளில், இடது கையின் முதல் சுரத்தோடு அழுத்தி, ஆறு சுரம் முடிந்து அடுத்த கட்டத்தின் முதல் சுரம் விழும்போது மாற்றுங்கள். ஈ-டி ஷார்ப் சுற்றும் இடத்தில் பெடலே வேண்டாம். பக்கத்துப் பக்கத்துச் சாவிகள் இரண்டும் சேர்ந்து ஒலித்தால் மெட்டு கலங்கிவிடும். பச்சை ஓட்டத்திலும் பதினெட்டுச் சாவி இறக்கத்திலும் அப்படியே, கால் தரையில்.

9. தைப்பது, வேகம் வைப்பது

துண்டுகள் வந்துவிட்டன. இப்போது தைக்க வேண்டியது தையல் இடங்களை மட்டும். மஞ்சளின் கடைசி இரண்டு கட்டமும் பச்சையின் முதல் இரண்டும், பச்சையின் கடைசி இரண்டும் மஞ்சளின் முதல் இரண்டும் என்று நான்கு தையல். ஒவ்வொன்றையும் தினம் ஐந்து முறை. முழுப் பாட்டையும் தினமும் தொடக்கத்திலிருந்து வாசிப்பது பயிற்சியாகாது. நன்றாகத் தெரிந்ததை இன்னும் ஒருமுறை வாசித்துச் சந்தோஷப்படுவது அது. எனக்கும் பிடித்த வேலைதான், ஆனால் அதை அரை மணி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தை முதல் வரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். பச்சை ஓட்டத்தைத் தடுக்காமல் எந்த வேகத்தில் வாசிக்க முடிகிறதோ, அதுதான் உங்கள் ஃபர் எலிஸின் வேகம். மெட்ரோநோமில் அது 70 என்றால் மஞ்சளும் 70. மெதுவாக இருக்கிறதே என்று தோன்றும். கேட்பவருக்கு அப்படித் தோன்றாது. வாரத்துக்கு நான்கு ஐந்து எண் வீதம் கூட்டிக்கொண்டு போங்கள். 100-ஐத் தொட்டால் போதுமானது.

10. நாலு பேர் முன்னால் வாசிக்கும்போது

ஒரு குடும்ப விழாவில் என்னை வாசிக்கச் சொன்னார்கள். எனக்கு முன்னால் பாடிய பெண்ணின் சுருதிக்காக யாரோ கீபோர்டில் டிரான்ஸ்போஸ் (எல்லாச் சாவியின் சுருதியையும் மாற்றும் வசதி) வைத்திருக்கிறார்கள். நான் பார்க்கவில்லை. ஈ-யைத் தொட்டால் எஃப் ஒலித்தது. விரல் சரியாகப் போகிறது, காது தப்பு என்கிறது. நான்காவது கட்டத்தில் இரண்டுக்கும் நடுவே சிக்கி நின்றுபோனேன். விழாவில் சாப்பாடு நன்றாக இருந்தது என்று மட்டும் பின்னால் பலர் சொன்னார்கள்.

அதனால் மேடைக் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பூஜ்யம், ஆட்டோ அக்கம்பனிமென்ட் ஆஃப், டோன் பியானோ, பெடல் சரியான பக்கம் வேலை செய்கிறது என்று நான்கையும் பாருங்கள். சாவி எண்ணிக்கையையும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் 88-இல் பழகிவிட்டு அங்கே 61 இருந்தால் அந்த மாற்று வரி தேவைப்படும்.

நடுவில் தடுக்கினால் தொடக்கத்துக்குப் போகாதீர்கள். அடுத்த நிறம் தொடங்கும் இடத்துக்குத் தாவுங்கள். அதற்காகவே ஒவ்வொரு நிறத்தின் முதல் கட்டத்திலிருந்தும் தனியாகத் தொடங்கிப் பழகியிருக்க வேண்டும். முக்கியமாகச் சிவப்பிலிருந்து.

உட்கார்ந்ததும் உடனே ஆரம்பிக்க வேண்டாம். பச்சை ஓட்டத்தை மனதுக்குள் "தகதிமி தகதிமி தகதிமி" என்று இரண்டு கட்டம் ஓடவிடுங்கள். அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு, சுண்டுவிரலை ஈ-யில் வையுங்கள்.